சீன எழுத்துகளில் நூல் உறுப்பு

நூல் உறுப்பு என்பது சீன எழுத்துகள் பலவற்றின் இடப்பக்கத்திலும், சிலவற்றின் அடியிலும் அமைந்து, அந்த எழுத்து இழை, துணி, சாயம், கட்டுதல், தொடர்தல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றோடு தொடர்புடையது எனக் காட்டும் பகுதியாகும். சீன அகராதிகளில் எழுத்துகளை வரிசைப்படுத்த உதவும் தலைமை உறுப்புகளில் இதுவும் ஒன்று. 1716-இல் வெளியான காங்ஷி அகராதியின் 214 தலைமை உறுப்புகளில் இது 120-ஆவது.

சீன எழுத்தைக் கற்பது ஆயிரக்கணக்கான படங்களை மனப்பாடம் செய்வதாகும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தொடக்க நிலையில் பலரைத் தளரச் செய்வதும் அதுவே. ஆனால் சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை படங்கள் அல்ல; பொருளைக் காட்டும் ஓர் உறுப்பும் ஒலியைக் காட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்த கூட்டெழுத்துகள். இதை விளக்க நூல் உறுப்பு நல்ல எடுத்துக்காட்டு. ஜமக்காளத்துக்குப் பெயர்பெற்ற பவானி, கைத்தறிக்குப் பெயர்பெற்ற சென்னிமலை, பின்னலாடை நகரமான திருப்பூர் ஆகிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பாவு, ஊடை, சாயம், முடிச்சு போன்ற சொற்கள் பழக்கமானவை. சீன எழுத்துகள் பலவற்றின் பொருள் அதே சொற்களிலிருந்துதான் கிளைத்திருக்கிறது.

இக்கட்டுரையில் சீன ஒலிகள் தமிழ் எழுத்தில் தோராயமாகத் தரப்பட்டுள்ளன. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், அந்தச் சொல்லின் தொனியைக் குறிக்கும்.

சீன எழுத்தின் அமைப்பு

தமிழில் ஓர் எழுத்து ஓர் ஒலியைக் குறிக்கும். 'க' என்ற எழுத்துக்குத் தனியே பொருள் தேவையில்லை. சீனத்தில் ஓர் எழுத்து ஓர் அசையையும், பெரும்பாலும் அதோடு ஒரு பொருளையும் சேர்த்தே குறிக்கும். ஆகவே சீனத்தில் எழுத்துகளின் எண்ணிக்கை மிகுதி. சீன அரசு 2013-இல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் முதல் நிலையில் வைக்கப்பட்ட 3,500 எழுத்துகள் அன்றாடப் படிப்புக்கும் எழுத்துக்கும் அடிப்படையானவை.

இந்த எழுத்துகளை முதன்முதலில் விரிவாகப் பகுத்து ஆராய்ந்தவர் ஷு ஷென் என்னும் அறிஞர். கி.பி. 100 அளவில் அவர் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள் 540 தலைப்புகளின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. எழுத்துகள் உருவாகும் முறைகளை அவர் ஆறாக விளக்கினார். கற்போருக்கு அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, உருவ எழுத்து. 'மரம்' என்பதைக் குறிக்கும் மூ (4) கிளையும் வேரும் கொண்ட மரத்தின் சுருக்க வடிவம்.

இரண்டாவது, பொருள்கள் சேர்ந்த கூட்டு. இரண்டு மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'தோப்பு'. மூன்றை எழுதினால் 'அடர்ந்த காடு'. மரத்தின் பக்கத்தில் மனிதனை எழுதினால் 'ஓய்வு'.

மூன்றாவது, பொருளும் ஒலியும் சேர்ந்த கூட்டு. ஏறத்தாழ ஐந்தில் நான்கு எழுத்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. முதல் இரண்டு வகைகள் பார்க்க அழகாக இருப்பதால் அறிமுக நூல்கள் அவற்றையே அதிகம் காட்டுகின்றன. ஆனால் படிக்கும் திறன் வளர்வது மூன்றாவது வகையைப் புரிந்துகொள்வதால்தான்.

நூல் உறுப்பின் வடிவம்

சீன எழுத்தின் மிகப் பழைய சான்றுகள், 3,000 ஆண்டுகளுக்கு முன் ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் பொறிக்கப்பட்ட குறி கேட்கும் வாசகங்கள். இவற்றின் அருமையை 1899-இல் வாங் யிரோங் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அவற்றில் நூலைக் குறிக்கும் வடிவம் முறுக்கிய சிட்டத்தைப் போலவே இருக்கிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரு கண்ணிகள், அடியில் பிரிந்து தொங்கும் இழை நுனிகள்.

பழைய முழு வடிவத்தில் நூல் உறுப்பை எழுத ஆறு கோடுகள் வேண்டும். 1956-இல் சீன அரசு அறிவித்த எழுத்துச் சுருக்கத் திட்டத்துக்குப் பின், இடப்பக்கத்தில் வரும்போது அது மூன்று கோடுகளானது. இரண்டு மடிப்புக் கோடுகளும், அடியில் மேல்நோக்கி ஏறும் ஒரு கோடும் மட்டுமே. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் முழு வடிவமே வழக்கில் உள்ளது. சீன ஆசிரியர்கள் இதை 'ஜியாவ்-ஸி-பாங்' என்பர். 'முறுக்கிய பட்டிழைப் பக்கம்' என்பது அதன் பொருள்.

பொருள் பாதி, ஒலி பாதி

'சதுரம், திசை' என்று பொருள்படும் ஃபாங் (1) என்பது எளிய நான்கு கோட்டு எழுத்து. இதை ஒலி உறுப்பாகக் கொண்டு பல எழுத்துகள் உருவாகியுள்ளன.

வீட்டுக்கதவு உறுப்போடு சேர்ந்தால்: ஃபாங் (2), வீடு, அறை.
பேச்சு உறுப்போடு சேர்ந்தால்: ஃபாங் (3), சென்று காணுதல்.
புல் உறுப்போடு சேர்ந்தால்: ஃபாங் (1), நறுமணம்.
நூல் உறுப்போடு சேர்ந்தால்: ஃபாங் (3), நூற்றல்.

இவற்றில் சதுரத்துக்கோ திசைக்கோ வேலை இல்லை. அந்தப் பகுதி 'இதை ஃபாங் என்று படி' என்று மட்டும் சொல்கிறது. எந்த ஃபாங் என்பதை மற்ற உறுப்பு சொல்கிறது. தெரியாத எழுத்தைக் காணும்போது சீன மாணவர் செய்வதும் இதுவே. ஒரு பக்கத்தைப் பார்த்துப் பொருளின் துறையையும், மறுபக்கத்தைப் பார்த்து ஒலியையும் ஊகிக்கிறார்.

நிறப் பெயர்களும் இவ்வாறே அமைந்தவை. சிவப்பைக் குறிக்கும் ஹோங் (2) என்பது நூல் உறுப்பும், 'வேலை' என்று பொருள்படும் கோங் (1) என்ற ஒலி உறுப்பும் சேர்ந்தது. பச்சையைக் குறிக்கும் லியூ (4) என்பதிலும் ஊதாவைக் குறிக்கும் ஸி (3) என்பதிலும் நூல் உறுப்பு உண்டு. நிறத்துக்கும் நூலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்குச் சாயப்பட்டறையே விடை. இவை முதலில் சாயம் ஏற்றிய பட்டின் நிறங்களாக அறியப்பட்டு, பின்னர் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாயின.

ஹோங், கோங் என்பவை இன்று முழுதும் ஒத்து ஒலிக்கவில்லை. எழுத்து உருவான காலத்துக்குப் பின் ஒலிகள் மாறிவிட்டன. ஆகவே ஒலி உறுப்பு ஒரு குறிப்புத்தான். அகராதியைப் பார்த்து உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

பாவும் ஊடையும்

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படும் இழைகள் பாவு. குறுக்கே நாடா வழியாகச் செல்லும் இழை ஊடை. சீனத்தில் பாவு ஜிங் (1) எனவும், ஊடை வெய் (3) எனவும் வழங்கும். இரண்டிலும் நூல் உறுப்பு உண்டு. ஜிங் என்பதன் பழைய வடிவத்தில் வலப்பக்கம் தறியில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளின் உருவம் என்று விளக்குவர்.

பாவு அறுந்தால் துணி இல்லை. ஊடை வந்து வந்து போகும். பாவு நிலையாக நிற்கும். இந்தக் கருத்திலிருந்து ஜிங் என்பதற்கு 'மாறாத அடிப்படை', 'என்றும் நிற்கும் நூல்' என்ற பொருள்கள் தோன்றின. கன்பூசிய மரபின் ஐந்து முதல்நூல்கள் 'ஐந்து ஜிங்' எனப்படுகின்றன. தாவோ தே ஜிங் என்னும் நூற்பெயரின் இறுதியில் உள்ளதும் இந்தப் பாவுதான். இந்தியாவிலிருந்து பௌத்த நூல்கள் சென்றபோது, வடமொழியில் 'இழை' என்று பொருள்படும் 'சூத்திரம்' என்ற சொல்லைச் சீனர் ஜிங் என்றே பெயர்த்தனர்.

தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. தமிழில் 'நூல்' என்பது இழையும் ஆகும், புத்தகமும் ஆகும். 'பனுவல்' என்பதற்கும் பஞ்சிநூல், இலக்கியம் என்ற இரு பொருள்கள் உண்டு. 'பா' என்பது செய்யுளையும் தறியின் பாவையும் குறிக்கும். நன்னூலின் பாயிரம் இந்த ஒப்புமையை விரித்துரைக்கிறது. அதன்படி சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு நூற்கும் கதிர். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர், ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்று கொங்கு நாட்டு மரபு கூறும். சனகாபுரம் என்பது மருவிச் சீனாபுரம் ஆயிற்று என்பர். வேறு இடத்தைச் சொல்வோரும் உளர். ஊர்ப்பெயரின் ஒலியைக் கொண்டு சீன நாட்டோடு தொடர்புபடுத்துவதற்கு இந்த விளக்கத்தில் இடமில்லை.

ஜிங், வெய் என்பன நிலப்படத்திலும் உண்டு. வடக்குத் தெற்காகச் செல்லும் தீர்க்கரேகை 'பாவுக் கோடு'; கிழக்கு மேற்காகச் செல்லும் அட்சரேகை 'ஊடைக் கோடு'. இன்றைய சீனத்தில் பொருளாதாரம், மேலாளர், அனுபவம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் ஜிங் என்ற எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு நிறுவனத்தை நடத்திச் செல்வது பாவைச் சீராக இழுத்துப் பிடிப்பது போன்றது என எண்ணினால் இச்சொற்கள் நினைவில் நிற்கும்.

பட்டும் பருத்தியும்

சீனாவின் தொன்மையான துணிகள் பட்டும் சணல் வகை நார்த்துணியும் ஆகும். புழு வளர்ப்பைக் கண்டறிந்தவர் மஞ்சள் பேரரசரின் மனைவி லெய்ஸு என்பது சீனத் தொன்மக் கதை. அவர் தேநீர்க் கோப்பையில் விழுந்த கூட்டிலிருந்து இழை பிரிந்து வந்ததாம். பட்டு ஸி (1) எனப்படும். அந்த எழுத்தில் நூல் வடிவம் இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. பட்டுப்புழுவின் இன்றைய எழுத்தில் மேலே 'வானம்', கீழே 'பூச்சி'. மல்பெரியின் எழுத்தில் மரத்தின்மேல் மூன்று கைகள் உள்ளன. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் மல்பெரி வளர்த்துப் பட்டுக்கூடு எடுப்போருக்கு இந்த எழுத்துகள் எளிதில் மனத்தில் பதியும். சீனப் பட்டைப் பற்றிய குறிப்பு கௌடலியரின் அர்த்தசாத்திரத்திலேயே உண்டு.

பருத்தியின் எழுத்து வேறொரு வரலாற்றைச் சொல்கிறது. பழஞ்சீனத்தில் மியன் (2) என்பது பட்டுப்பஞ்சைக் குறித்தது. அதன் இடப்பக்கம் நூல் உறுப்பு. வலப்பக்கம் 'பட்டுத்துணி' என்னும் எழுத்து; அது 'வெண்மை' மேலும் 'துணி' கீழுமாக அமைந்தது. பருத்தி, சீனாவுக்கு இந்தியா போன்ற தெற்கு நிலங்களிலிருந்து பின்னாளில் வந்த பயிர். செடியில் விளையும் இந்தப் பஞ்சைக் குறிக்கச் சீனர் அதே ஒலியையும் அதே வலப்பக்கத்தையும் வைத்துக்கொண்டு, நூல் உறுப்பை மட்டும் எடுத்துவிட்டு மர உறுப்பைச் சேர்த்தனர். ஆகவே சீனத்தில் பருத்தி என்பது எழுத்தளவில் 'மரத்துப் பட்டு'. 13-ஆம் நூற்றாண்டில் ஹுவாங் தாவ்போ என்னும் பெண், ஹைனான் தீவின் லி மக்களிடம் கற்ற பருத்தி நூற்பு நுட்பங்களைத் தம் ஊர்ப்பகுதியான சோங்ஜியாங்கில் பரப்பினார். அதன்பின் அப்பகுதி பருத்தித் துணிக்குப் பெயர்பெற்றது.

திருப்பூர், ஈரோடு வணிகர்களுக்கு இந்த எழுத்தால் நேரடிப் பயன் உண்டு. சீனச் சந்தைக்கான ஆடைகளின் லேபிளில் நூலிழை விவரம் எழுதப்படும் இடத்தில் மர உறுப்போடு கூடிய மியன் இருந்தால் அது பருத்தி. இரட்டை நூல் வடிவம் இருந்தால் பட்டு. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தின் பருத்தியைச் சீனத்தில் எழுத இந்த மியன் என்ற எழுத்தே வேண்டும்.

அன்றாடச் சொற்களில் நூல்

நூல் உறுப்புள்ள எழுத்துகள் பலவற்றில் இன்று நூலின் சுவடே தெரிவதில்லை. மூலப்பொருளை அறிந்தால் அவை தெளிவாகும்.

ஸு (4): சாயம் ஏற்றாத வெண்பட்டு. அதிலிருந்து 'எளிமையான, கலப்பில்லாத' என்ற பொருளும், பின்னர் 'இறைச்சி சேராத உணவு' என்ற பொருளும் வந்தன. உணவகப் பலகையில் இந்த எழுத்தைக் கண்டால் அது சைவ உணவு. தமிழில் 'சைவம்' என்ற சமயப் பெயர் உணவின் பெயரானது போல, சீனத்தில் துணியின் பெயர் உணவின் பெயரானது.

லியன் (4): பச்சைப் பட்டைக் காய்ச்சி மென்மையாக்கி வெளுப்பித்தல். மீண்டும் மீண்டும் செய்து பதப்படுத்துவதால் இது 'பயிற்சி' ஆயிற்று. பள்ளிப் பயிற்சி ஏட்டின் பெயரில் உள்ளது இந்த எழுத்தே.

ஜி (2): இழைகளின் வரிசை. இன்று 'படிநிலை, வகுப்பு'.

ஜியெ (2): முடிச்சு. திருமணத்தைக் குறிக்கும் சொல் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. மூன்று முடிச்சு போடும் மரபுள்ள தமிழருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஜி (3): தாள். கி.பி. 105-இல் ஸாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர், மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து செய்த தாளை அரசருக்கு அளித்தார். தாள் நாரிலிருந்து பிறந்தது என்பதை நூல் உறுப்பு இன்றும் காட்டுகிறது.

தறியும் மரபும்

தறியைச் சுற்றிய கதைகள் சீன மரபில் பல உள்ளன. அவற்றுள் கல்வியோடு தொடர்புடையது மென்சியஸ் என்னும் மெய்யியலாரின் தாயைப் பற்றியது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் சிறுவனாக இருந்தபோது, ஒருநாள் படிப்பில் அக்கறையின்றி வீடு திரும்பினார். தறியில் இருந்த தாய், நெய்துகொண்டிருந்த துணியைக் கத்தியால் அறுத்தார். அஞ்சிய மகனிடம், படிப்பைப் பாதியில் விடுவதும் இதைப் போன்றதே என்றார். இக்கதை கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் லியூ ஷியாங் தொகுத்த பெண்களின் வரலாற்று நூலில் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கருதப்படும் 'மூன்றெழுத்து நூல்' என்ற சிறுவர் பாடநூலும் இதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறது. அந்நூலில் ஒவ்வொரு தொடரும் மூன்று எழுத்துகளே. தமிழ்க் குழந்தைகள் ஆத்திசூடியை ஒப்புவிப்பது போல் சீனக் குழந்தைகள் பல நூற்றாண்டுகள் இதை ஒப்புவித்து எழுத்துக் கற்றனர். அதன் பெயரின் இறுதியிலும் ஜிங் என்னும் பாவு உண்டு.

மற்றொன்று நெசவுப்பெண்ணும் இடையனும் பற்றிய கதை. விண்ணுலக நெசவுப்பெண் மண்ணுலக இடையனை மணந்ததால் இருவரும் பிரிக்கப்பட்டனர். ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள் இரவில் மட்டும் பறவைகள் அமைக்கும் பாலத்தில் சந்திக்கின்றனர். நெசவுப்பெண் என்பது வேகா என்னும் விண்மீன். இந்திய மரபில் அபிஜித். இடையன் என்பது ஆல்ட்டேர். தமிழர் அறிந்த திருவோணம். இடையே ஓடும் பால்வீதியைச் சீனர் 'வெள்ளி ஆறு' என்பர். நம்மவர் ஆகாய கங்கை என்பர்.

தமிழும் சீனமும் ஒரே கல்லில்

இரு எழுத்துகளும் சேர்ந்து வரும் கல்வெட்டுகள் உண்டு. தென்சீனத் துறைமுகமான சுவான்ஜோவில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குப்லாய் கானின் ஆணையோடு அங்கே சிவன் கோயில் எடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அதன் இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹெ கொண்டுவந்த அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொன், வெள்ளி, நறுமண எண்ணெய் ஆகியவற்றோடு பட்டும் அப்பட்டியலில் இருக்கிறது. இக்கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

கற்போர் கவனத்துக்கு

ஒலிப்பு: சீனத்தில் நான்கு தொனிகள் உண்டு. ஒன்று உயர்ந்து சமமாக நிற்கும், இரண்டு ஏறும், மூன்று தாழ்ந்து எழும், நான்கு சட்டென்று இறங்கும். மா (1) அம்மா, மா (2) சணல், மா (3) குதிரை, மா (4) திட்டுதல். தமிழிலும் 'மா' என்பதற்கு மாமரம், விலங்கு, அரைத்த மாவு, இருபதில் ஒரு பங்கு எனப் பல பொருள்கள் உண்டு. இடம் நோக்கிப் பிரித்தறிகிறோம். சீனத்தில் அவ்வாறு பிரிக்கத் தொனி முதலில் உதவுகிறது.

எழுத்துப்பெயர்ப்பு: சீன ஒலிகளைத் தமிழில் எழுதிப் படிப்பது முதல் சில நாள்களுக்கு மட்டுமே ஏற்றது. நெசவு, தாள், வகுப்பு, எந்திரம் ஆகிய நான்கையும் தமிழில் எழுதினால் எல்லாம் 'ஜி' ஆகிவிடும். சீனத்தில் முதல் இரண்டு நாவை மடித்தும், மற்ற இரண்டு நாவை மடிக்காமலும் ஒலிக்கப்படுபவை. 1958-இல் நடைமுறைக்கு வந்த பின்யின் என்னும் ரோமன் எழுத்து முறையைக் கற்பதே சரி. ஒன்றில் மட்டும் தமிழருக்கு வசதி உண்டு. 'மனிதன்' என்று பொருள்படும் ரென் (2) என்பதன் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது.

எழுதும் முறை: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசையைத் தொடக்கத்திலேயே பழக வேண்டும். ஒவ்வோர் எழுத்தும், எத்தனை கோடுகள் கொண்டதாயினும், ஒரே அளவுச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். இதற்காகக் கட்டம் போட்ட ஏடுகள் உண்டு.

கற்கும் வரிசை: நீர், கை, வாய், மனிதன், பெண், மரம், பேச்சு, நூல் போன்று அடிக்கடி வரும் உறுப்புகளை முதலில் கற்பது நல்லது. பின்னர் ஒரே ஒலி உறுப்புள்ள எழுத்துகளைச் சேர்த்து எழுதிப் பார்க்கலாம். எழுத்தைத் தனியே படிக்காமல் அது வரும் சொல்லோடு படிக்க வேண்டும். எழுத்துகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் சில வரலாற்று உண்மை; சில நினைவில் வைக்க உதவும் கற்பனை. அகராதியின் துணையோடு அவற்றைப் பிரித்தறிவது படிப்பின் ஒரு பகுதியே.